நீலமேட்டில் கூப்பிட்ட குரல்

“அந்தக் குழந்தை கடைசியில கெடச்சுதாம்மா?”

கேட்டது ஒரு வெள்ளைக்கார அம்மாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கையில் எங்கள் கடைச் சிடி. அவளுடைய கணவர் பின்னால் நின்று தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். புதிய ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“எந்தக் குழந்தை?” என்று கேட்டாள் சின்னம்மா. கடை வாசலில் அடுப்பு போட்டு ரொட்டி பொரித்து விற்பவள் அவள்தான்.

“சிடியில பேசுறாங்களே, அந்தம்மாவோட குழந்தை. நீலமேட்டுல வண்டிய நிறுத்திட்டு மூணு தடவை கூப்பிடுறாங்க. யாஜி, யாஜின்னு. யாருமே பதில் சொல்லல. அப்புறம் அடுத்த எடம் வந்துடுது. அவங்க பாட்டுக்குக் கல்லைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுறாங்க. எனக்கு மனசே ஆறல.”

“கெடைக்காம இருந்தா சிடி போட்டு வாடகைக்கு விடுவாங்களா? வழி பூரா இதே புலம்பல்” என்றார் கணவர்.

சின்னம்மாவின் ரொட்டி எண்ணெயில் கருகியது. அவள் அதைப் பார்க்கவில்லை. நான் சிடியை வாங்கிப் பெட்டியில் போட்டேன். அது மூலையில் இடித்துச் சத்தம் போட்டது.

யாஜி என்றால் எங்கள் பழங்குடி மொழியில் சின்னவள். என்னை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான். அவள் போன பனிக்காலத்தில் இறந்துவிட்டாள்.

அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். எங்களில் இறந்தவர் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். ஹோல்புரூக் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆறுதல் சொல்ல வந்த ஒரு டீச்சர், அன்பாகத்தான், என்னை எதிரில் உட்கார வைத்து அம்மாவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் எனக்கு ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவும் பயமாக இருந்தது. அன்று பையை எடுத்துக்கொண்டு வந்தவள் பிறகு அங்கே போகவில்லை.

அம்மாவை அடக்கம் செய்ய அப்பாவும் அவருடைய தம்பியும்தான் போனார்கள். வெள்ளி நகைகளை அவளோடு வைத்தார்கள். அவளுடைய சேணத்தைக் கத்தியால் கிழித்து அருகில் போட்டார்கள். முழுசாக இருக்கும் பொருள் அவளுக்குப் பயன்படாது. திரும்பி வரும்போது இருவரும் பேசவில்லை, பின்னால் பார்க்கவில்லை. நான்கு நாள் வீட்டில் அடங்கி இருந்துவிட்டுத் தலை குளித்தோம். அவளுடைய துணி, சீப்பு, காபிக் குவளை எல்லாம் போயின. வண்டியைத் தவிர அவள் தொட்ட பொருள் ஒன்றுகூட மிஞ்சாமல் அப்பா பார்த்துக்கொண்டார்.

குரல் தப்பிவிட்டது. அது எங்கள் வீட்டில் இல்லை. நானும் சின்னம்மாவும் வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஆரினின் கடையில் இருந்தது.

மரங்கள் கல்லாகிக் கிடக்கும் கல்மரப் பூங்காவின் தெற்கு வாசலுக்குச் சற்று வெளியே அந்தக் கடை. அம்மா அங்கே மணி கோத்து விற்றாள். பூங்காவை வண்டியிலேயே சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு வழி சொல்லும் ஒரு குரல் கூடவே வந்தால் நன்றாக இருக்கும் என்று ஆரினுக்குத் தோன்றியது. அம்மாவின் கையில் ஒரு ரெக்கார்டரைக் கொடுத்து அனுப்பினார். எங்கள் பிக்கப் வண்டியில்தான் போனாள். எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். பக்கத்து இருக்கையில் நான். அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் சிடியை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு தெற்கு வாசலில் நுழைவார்கள். அவள் சொல்லும் இடத்தில் நிறுத்துவார்கள், அவள் பார்க்கச் சொல்லும் பக்கம் பார்ப்பார்கள், வடக்கு வாசலில் வெளியே வருவார்கள். வந்த வழியே திரும்பாதவர்கள் அங்குள்ள பெட்ரோல் பங்கில் ஒரு பெட்டியில் சிடியைப் போட்டுவிட்டுப் போகலாம்.

எனக்கு அது முழுவதும் மனப்பாடம்.

“இப்ப இடது பக்கம் பாருங்க. ரம்பத்தால அறுத்த மாதிரி துண்டு துண்டாக் கெடக்குதே, அத யாரும் அறுக்கல, தானா ஒடஞ்சது. ரேஞ்சரக் கேட்டா மரம் கல்லாப் போச்சும்பாரு. எங்க ஆளுங்களக் கேட்டா ஒரு அரக்கனோட எலும்புன்னு சொல்லுவாங்க. அந்தக் கதைய பனிக்காலத்துலதான் சொல்லணும். நீங்க கோடையில வந்திருக்கீங்க, தப்பிச்சீங்க.”

இந்த இடத்தில் எல்லா வண்டியிலும் சிரிப்பார்களாம். நீலமேட்டைப் பற்றியும் பேசுவாள். மண் எப்படி நீலமாயிற்று, மழை பெய்தால் எப்படி வழுக்கும் என்றெல்லாம். ஆனால் அவள் யாரையும் கூப்பிடுவதாக அதில் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

போட்டுக் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. அவள் போன பிறகு அந்தக் கடையில் அதை நானும் சின்னம்மாவும் போடுவதில்லை. எடுத்துக் கொடுப்போம், வாங்கி வைப்போம். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து டெக்சாஸிலிருந்து வந்த ஒருவர் சிடியை மேசைமேல் வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணு பொழச்சுதா?” என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். அவர் போனதும் சின்னம்மா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“நீ அதக் கேட்டியா?”

“இல்ல.”

“என்னத் தொட்டுச் சொல்லு.”

தொட்டேன். அவள் கை முழுக்க மாவு.

அந்த நேரம் பார்த்து கெல்வின் அண்ணன் ரொட்டி வாங்க வந்தார். தெற்கு வாசலில் ரேஞ்சர். எங்கள் குலம்தான், அதனால் அண்ணன். வெளியே போகும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, ‘மரம் ஏதாவது இருக்கா?’ என்று கேட்பதுதான் அவருக்கு வேலை. ஆட்கள் கல்லான மரத்தைத் திருடிக்கொண்டே இருந்தால் காடு மிஞ்சாது இல்லையா. கேட்டுக் கேட்டு அது அவருக்குக் குசலம் விசாரிப்பதுபோல ஆகிவிட்டது.

“என்ன, ரெண்டு பேர்கிட்டயும் மரம் ஏதாவது இருக்கா?” என்றபடி வந்தவர் என்னைப் பார்த்தார். “இந்தக் கல்லு இன்னிக்காவது வாயத் தொறந்துச்சா? இப்படியே நின்னுச்சுன்னா ஒருநாள் கல்மரம்னு நெனச்சு உள்ள தூக்கிட்டுப் போய் வெச்சுருவேன்.”

“தூக்கிப் பாரேன். உன் இடுப்பு போயிடும். அப்புறம் உன்னைத் தூக்க நாலு ஆள் வேணும்” என்றாள் சின்னம்மா. ஆனால் சிரிக்கவில்லை. ரொட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வண்டியை விட்டாள்.

அப்பா அடுப்படி மேசையில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா நின்றபடியே எல்லாம் சொன்னாள். அப்பா ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

“என்ன பேரு சொல்லிக் கூப்பிடுதாம்?”

சின்னம்மா என் பக்கம் உதட்டைக் குவித்துக் காட்டினாள். நாங்கள் விரலால் சுட்டுவதில்லை.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு என்னைக் கேட்டார்: “உனக்குக் கேக்கணும்னு இருக்கா?”

அப்பாவிடம் பொய் சொல்ல எனக்கு வராது. காபியைக் குடிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“கேளு மகளே. கூப்பிடுறது உங்கம்மா இல்ல. அவகிட்ட இருந்த நல்லதெல்லாம் போக வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு. போகாம மிச்சம் நிக்கறது ஒண்ணு இருக்கும். அதுதான் கூப்பிடும். அதுக்குத் தனியா இருக்கப் பிடிக்காது. தொணை தேடும். கூப்பிட்டா வாயத் தொறக்காதே. ‘ம்’னு கூடச் சொல்லாதே. பதில் சொன்னவங்க யாரும் ரொம்ப நாள் இருந்ததில்ல.”

“சரிப்பா.”

“சரின்னு எங்கிட்டச் சொல்லலாம். அதுகிட்ட சொல்லாதே.”

அன்று படுத்த பிறகும் எனக்கு அது ஒரு பயமாகவே படவில்லை. யாராவது என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகிறது என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை அப்பா கடைக்கு வந்தார். ஆரின் உள்ளேயிருந்து ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார்.

“சிடியில என்ன பண்ணின?” என்று சின்னம்மா எடுத்த எடுப்பில் கேட்டாள்.

“நான் என்ன பண்ணினேன்? எமர்சன் சொன்னதத்தான் பண்ணினேன்.”

“நானா?” என்றார் அப்பா.

“ஆமாம்யா. வசந்த காலத்துல வந்து நின்ன. அலமாரிப் பக்கம் உதட்டக் காட்டி, ‘அது இருக்க வேண்டாம்’னு சொன்ன. அட்டையில அவ படம் இருந்துச்சு. எனக்குப் புரிஞ்சுது, உங்களுக்கு அது ஆகாதுன்னு. அன்னிக்கே எல்லாப் படத்தையும் உருவிட்டேன்.”

“நான் படத்தச் சொல்லல. குரலச் சொன்னேன்.”

“குரலை எப்படிய்யா உதட்டால காட்டுவ?”

குரல் என்று சொன்னால் யாருடையது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் அப்பா உதட்டைக் காட்டினார். ஆரின் எங்களோடு எத்தனையோ வருஷம் பழகியவர். தனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கும் அளவுக்குப் பழகியவர்.

“சரி, அந்தக் கூப்பிடுறது எங்கேருந்து வந்துச்சு?” சின்னம்மா விடவில்லை.

ஆரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “படத்த எடுத்தப்போ பாதி சிடி கீறலா இருக்கறதப் பாத்தேன். புதுசா எடுத்தேன். பழைய நகல் கெட்டுப்போச்சு, அதனால மொதமொதல்ல பதிஞ்ச டேப்புலேருந்து எடுத்தேன். முன்னாடி வெட்டினதெல்லாம் அதுல வெட்டாம இருந்துச்சு. வண்டிச் சத்தம், அவ தும்முறது, இந்தப் பொண்ணு நீலமேட்டுல எறங்கி ஓடிட்டா போல, அவ கூப்பிடுறது... கேக்க நல்லா இருந்துச்சு எமர்சன். பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே. வெட்ட மனசு வரல. எனக்கும் அவளத் தெரியுமில்ல? அவ பேரச் சொல்லி...”

“சொல்லிடாதே!” என்றாள் சின்னம்மா.

ஆரின் வாயை மூடிக்கொண்டார். அவருடைய கழுத்து சிவந்துவிட்டது.

ஆக, அது அவ்வளவுதான். பழைய டேப். ஆறு வயது நான். கடையில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டோம். அப்பா மட்டும் விடவில்லை. “டேப்பா இருந்தா என்ன? செத்தவங்க வாய் பொண்ணு பேரக் கூப்பிடுது. தினமும் கூப்பிடுது. மிச்சம் நிக்கறதுக்கும் அது கேக்கும்” என்று ஒரு மாவுச் சாக்கை எடுத்து எல்லா சிடியையும் அதில் போட்டார். டேப்பையும் போட்டார். அவளுடைய மற்றப் பொருள்களைப் புதைத்த குழிக்கே இவையும் போக வேண்டும்.

“ஒண்ணு குறையுது. நேத்து ஒரு ஜோடி எடுத்துட்டுப் போனாங்க. வடக்குப் பெட்டியில இருக்கும்” என்றார் ஆரின். பிறகு மெதுவாக, “நான் ஜீப்ப எடுக்கட்டுமா? நானும் வரேனே” என்றார்.

“ஓட்டு. குழி வரைக்கும் வரக்கூடாது.”

“வரல.”

சின்னம்மா அன்று பிற்பகல் கிழக்கே காலப் ஊர்ச் சந்தைக்குப் போக வேண்டும். போகிற வழியில்தான் வடக்கு வாசல். நான் எங்கள் வண்டியில் அவள் பின்னால் போய் அந்தக் கடைசி சிடியை எடுத்துவருவது என்று முடிவாயிற்று. போனவர்கள் நெருங்காமலிருக்க அப்பா அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளி என் நெற்றியில் கட்டைவிரலால் அழுத்திப் பூசினார். “அந்த சிடியக் கையால தொடாதே. ஹைவேலயே போ, ஹைவேலயே வா. பூங்காக்குள்ள போகாதே.”

பெட்ரோல் பங்குப் பெட்டியில் அது இருந்தது. சின்னம்மா தன் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். சுற்றி எடுத்தேன். அவள் தன் வேனில் ஏறி, கண்ணாடியை இறக்கி, “நேரா வீடு. அங்க நின்னு பராக்குப் பாத்தா உன் முடியத் திருகி ரொட்டி மாதிரி பொரிச்சுடுவேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் வேன் சின்னதாகும் வரை பார்த்தேன்.

இதற்குமேல் அவள் குரல் உலகத்தில் எங்கேயும் இருக்காது. என் மடியில் ஒரு துணிப் பொட்டலமாக இருப்பதுதான் கடைசி. வண்டியைத் திருப்பினேன். ஹைவே பக்கம் திருப்பவில்லை.

வடக்கு வாசலில் எனக்குத் தெரியாத ஒரு ரேஞ்சர் பெண். “மூடறதுக்கு ரொம்ப நேரமில்ல. எங்கயும் இறங்கி நடக்காம போனா தெற்கு வாசலத் தாண்டிடலாம். வண்டியில மரம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?” இல்லையென்று தலையாட்டினேன். அவள் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, கையசைத்து உள்ளே விட்டாள்.

துணியை அவிழ்த்து, அதன் நுனியால் பிடித்துச் சிடியைப் போட்டேன்.

முதலில் வண்டிச் சத்தம். எங்கள் வண்டியின் சத்தம். மூன்றாவது கியரில் இழுக்கும்போது அது இருமுவதுபோல ஒரு ஓசை போடும். சிடிக்குள்ளும் இருமியது, வெளியேயும் இருமியது. பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“வாங்க, வாங்க. தெற்கு வாசலுக்குள்ள நொழஞ்சாச்சு. கண்ணாடிய இறக்கிக்கோங்க.”

நான் இறக்கினேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தெற்கிலிருந்து கிளம்பியிருக்கிறாள். நான் வடக்கிலிருந்து. ஆரின் எதையும் வெட்டவில்லை, அதனால் அவள் எந்த வேகத்தில் ஓட்டினாளோ அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கிறாள். ஒரே சாலை. நடுவில் எங்கோ எதிரும் புதிருமாகச் சந்திப்போம்.

என் வலதுபுறம் சிவப்பு மண் விளிம்பு கிடுகிடுவென்று இறங்கியது. அவள் இடதுபுறம் பெரிய அடிமரத்தைப் பாருங்கள் என்றாள். என் பக்கத்தில் அண்டங்காக்கைகள்தான் இருந்தன. நான் பழைய நெடுஞ்சாலை இருந்த இடத்தைக் கடந்தேன். துருப்பிடித்த கார் ஒன்று இருக்குமே, அங்கே. அதற்கப்பால் கம்பியில்லாத தந்திக் கம்பங்கள். அவள் அரக்கனின் எலும்பு வேடிக்கையைச் சொன்னாள். சிடிக்குள் ஒரு குழந்தை சிரித்தது. என் சிரிப்பு. ஆரின் முன்பு அதை வெட்டியிருந்தார். எனக்கு அப்படியெல்லாம் சிரிக்க வந்திருக்கிறது.

ரயில் பாதையைத் தாண்டினேன். மேற்கே மேகம் திரண்டு ஒரு பக்கம் மட்டும் இருட்டியிருந்தது. ஒரு கல்மரமே பாலம்போலக் கிடக்கும் கல்பாலத்தில் அவள் நிறுத்தி இறங்கினாள். கதவுச் சத்தம், காலடிச் சத்தம். “இதுமேல நடக்கக் கூடாது. நடந்தா ரேஞ்சர் திட்டுவாரு. திட்டினா சிரிச்சுட்டு எறங்கிடணும்.” மறுபடி கதவு. கிளம்பினாள். எதிரில் ஒரு வண்டியும் வரவில்லை. ஆனாலும் வளைவுகளில் நான் ஓரமாக ஒதுங்கி ஓட்டினேன்.

கூம்பு கூம்பான சாம்பல் நிற மேடுகள் இரண்டு பக்கமும் வந்தன. அவள், “இங்கேருந்து பக்கவாட்டுல ஒரு பாதை மேல ஏறும்” என்றாள். எனக்கு முன்னால் அதே பாதை. நானும் திரும்பினேன். இரண்டு வண்டியும் ஒரே மேட்டில் ஒன்றாக இருமி ஏறின.

நீலமேட்டில் யாரும் இல்லை. நிறுத்தினேன். சிடிக்குள்ளும் வண்டி நின்றது. என் சாவிக்கொத்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே அவள் சாவியும் ஆடியது.

“நீலமேடு” என்றாள். “மழை பெஞ்சா...” ஒரு கதவு படாரென்று திறந்தது. சின்னக் காலடி ஓடியது. “ஏய், ஏய்! சொல்லிட்டுப் போக மாட்ட?” பிறகு காற்று. பிறகு, “யாஜி.”

சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். சாப்பிடக் கூப்பிடுவதுபோல.

“யாஜி, எங்க போயிட்ட?”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். பதில் வாய்க்குள் வந்துவிட்டது. இதோ இருக்கேம்மா. அவ்வளவு சின்ன வார்த்தை.

“யாஜி! வா, கிளம்பலாம்.”

மூன்று. டக்கென்று ரெக்கார்டரை நிறுத்தும் சத்தம். அதற்குப் பிறகு அவள் வேறொரு இடத்தில் நிதானமாகப் பேசத் தொடங்கினாள். நான் அணைத்துவிட்டேன்.

மூன்றுக்குப் பிறகு என்ன நடந்தது என்று டேப்புக்குத் தெரியாது. ஆரினுக்கோ அந்த வெள்ளைக்கார அம்மாளுக்கோ தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். நான் கீழே ஓடி ஒரு கல்மரத்தின் பின்னால் குந்தி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். விளையாட்டு. பதில் சொல்லவே இல்லை. அவள் ரெக்கார்டரை வண்டியில் வைத்துவிட்டு, சரிவில் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்து, நேராக அந்தக் கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

பதில் சொல்லாவிட்டால் அவள் தேடி வருவாள்.

அப்பாவுக்கு இது தெரியாது. வாயை மூடிக்கொண்டால் போதும் என்று நினைத்தார். வெளியே காற்று ஒரு நொடி நின்றது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது அந்தக் கல்லுக்குப் பின்னால் குந்தியிருப்பதுபோலவே இருந்தது. எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

சிடியை வெளியே எடுத்தேன். கையால் தொடக் கூடாது என்றது அப்போது நினைவில்லை. இறங்கி நடந்தேன். மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்தக் கல்மரம் அதே இடத்தில் கிடந்தது. நான்தான் பெரிதாகிவிட்டேன், அதன் பின்னால் இப்போது மறைய முடியாது. சிடியை முழங்காலில் வைத்து அழுத்தினேன். வளைந்து, வளைந்து, பிறகு உடைந்தது. முழுசாக இருந்தால் அவளுக்குப் பயன்படாது. கல்லின் அடியில் மழை அரித்த பள்ளத்தில் துண்டுகளை வைத்து மேலே நீல மண்ணைத் தள்ளினேன். நகத்துக்குள் எல்லாம் மண். உள்ளங்கையில் இரத்தம் வந்தது எப்போது என்று தெரியவில்லை.

எழுந்து வண்டியைப் பார்த்து நடந்தேன். சரிவு செங்குத்து. இரண்டு முறை சறுக்கி, கையை ஊன்றி ஏறினேன்.

பாதித் தூரத்தில் பின்னாலிருந்து கேட்டது.

“யாஜி.”

காற்றில்லை. மேகம் அசையவில்லை. டேப்பில் மூன்று முறைதான். இது நான்காவது. இதில் தேடும் குரல் இல்லை. கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபோது, கண்டுபிடித்துவிட்டபோது, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாளே, அப்படி. என் பின்கழுத்தில் மூச்சு பட்டதுபோல அவ்வளவு அருகில்.

அப்பா சொன்னது சரியா, இதில் அம்மா கொஞ்சமும் இல்லையா, எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. என் வாய் திறந்திருந்தது. உதடு காய்ந்து போயிருந்தது. திரும்பினால் அவள் முகம் இருக்கும். அந்த முகத்தில் எது இருக்கும் என்பதைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை.

உதட்டைச் சேர்த்து மூடினேன். அடுத்த காலை எடுத்து வைத்தேன். அப்பாவும் அவர் தம்பியும் பனியில் எப்படி வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பார்கள். நானும் தரையைப் பார்த்தேன். என் நிழல் முன்னால் நீண்டு போனது. ஒன்றுதான் இருந்தது. ஏறி உட்கார்ந்தபோதும், கதவை மூடியபோதும் திரும்பவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் கையால் கீழே திருப்பிவிட்டேன்.

மிச்ச வழி முழுவதும் நான் எதையும் போடவில்லை. கல்பாலம் வந்தது, போனது. உடைந்த அடிமரங்கள் இருபுறமும் அறுத்துப் போட்டதுபோலக் கிடந்தன. இடது பக்கம் பாருங்க என்று யாரும் சொல்லவில்லை. மழை நான்கைந்து துளி கண்ணாடியில் விழுந்து நின்றது.

தெற்கு வாசலில் கெல்வின் அண்ணன் தடுப்புக் கட்டை அருகே நின்றிருந்தார். கடைசி வண்டி என்னுடையதுதான்போல. என்னைக் கண்டதும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கண்ணாடிக்குக் குனிந்தார்.

“அடடா, கல்லு தானா வண்டி ஓட்டிட்டு வருது! என்ன தங்கச்சி, நீ எப்படி உள்ள போன? வண்டியில மரம் ஏதாவது...”

அவர் பார்வை ஸ்டியரிங்கில் இருந்த என் கைகளுக்குப் போனது. முழங்கை வரை நீல மண். பிறகு நெற்றிச் சாம்பலுக்கு. பிறகு கீழே திருப்பியிருந்த கண்ணாடிக்கு.

சிரிப்பு போய்விட்டது. அவர் என் முகத்தை அதற்குமேல் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் கிடந்த சாலையையும் பார்க்கவில்லை. இரண்டடி விலகி, கட்டையைத் தூக்கி, தரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே பிடித்திருந்தார்.

நான் வாய் திறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.